பேச்சியின் பெயரைச் சொல்லாமல்

முன்னால் நிற்பது கேரியின் முதுகு, அதனால் தைரியமாக நிற்கலாம் என்றுதான் இந்த வரிசைக்கு வந்தேன், வந்து நின்ற பிறகுதான் உறைக்கிறது, நான் பயப்பட வேண்டியதே இந்த முதுகுக்குத்தான். அகலமான முதுகு, நீலக் கட்டம் போட்ட சட்டை, காலருக்குக் கீழே சலவைக்கடைக்காரன் குத்திய சீட்டு இன்னும் தொங்குகிறது, எடுத்துவிடலாமா, வேண்டாம், தொட்டால் திரும்புவார், திரும்பினால் பேசுவார், பேசினால் இந்த ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும். கேரிக்கு மெதுவாகப் பேச வராது. பத்தொன்பது வருஷம் எனக்குப் பக்கத்து மேசை, அவர் தன் வீட்டுக்காரியோடு போனில் பேசுகிற ரகசியமெல்லாம் எங்கள் மாடி முழுக்கத் தெரியும். அறுபத்தொரு வயசு, வெள்ளை மீசை, என் மனசுக்குள் எப்போதும் கேரி அண்ணாச்சி. என் மண்டைக்குள் எல்லாருமே பாளையங்கோட்டைத் தமிழில்தான் பேசுவார்கள், ஒஹையோவுக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் இந்தக் கோளாறு தீரவில்லை, அதோ மேடையில் ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைக்கிற எங்கள் எம்.பி. ஹால்வர்சன்கூட எனக்கு, "ஏ, உள்ளதச் சொல்லுங்கய்யா, பயப்படாதிய," என்றுதான் கேட்கிறது. நல்ல மனுஷன்தான். போன வருஷம் கடைத்தெருவில் பார்த்து ஹேப்பி தீபாவளி என்றார், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் பாவம் ரொம்ப வருத்தப்படுவார் என்று, உங்களுக்கும் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது தேர்தல் வருகிறது, எதிர்த்து நிற்கிறவர் இவரைவிடச் சத்தம், அதனால் இவரும் ஒரு மசோதா கொண்டுவருகிறார், வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகளுக்கு வரி. வேலை போனவர்கள் வாருங்கள், ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் சனிக்கிழமை காலையில் கூட்டியிருக்கிறார். மெழுகு போட்ட மரத்தரை வழுவழுவென்று இருக்கிறது, செருப்பு கீச் என்கிறது, மூலையில் பாப்கார்ன் பொரிகிறது, வேலை போன ஜனங்களுக்குப் பாப்கார்ன் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, நன்றாயிருக்கட்டும்.

அந்தப் பக்கம் ஏழாவது வரிசையில் என் வீட்டுக்காரர் டேனியல் போனைத் தூக்கிப் பிடித்து இப்போதே படம் எடுக்கிறார், இன்னும் நான் மைக் பக்கத்திலேயே போகவில்லை, பெருவிரல் பாதி லென்ஸை மறைத்துக்கொண்டிருக்கும், எங்கள் கல்யாண நாள் படங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு சதைப் பிறை உண்டு. கையைக் காட்டுகிறார், நிமிர்ந்து நில் என்று. நிமிர்ந்துதான் நிற்கிறேன், என் உயரமே இவ்வளவுதான். உள்ளங்கை ஈரமாக இருக்கிறது, ஜீன்ஸில் துடைத்துக்கொள்கிறேன். எம்.பி. ஆபீஸில் இருந்து போன் செய்த கெய்ட்லின் என்ற பிள்ளை, உங்கள் ஊர் உடுப்பு உடுத்தி வந்தால் டிவியில் நன்றாயிருக்கும் என்றாள், எனக்கு அது என்னவோ பிடிக்கவில்லை, பீரோவில் பட்டுச்சேலை இருக்கத்தான் செய்கிறது, அதை உடுத்திக்கொண்டு வந்து என் வேலை போயிற்று என்று சொன்னால் கல்யாண வீட்டில் செருப்புத் தொலைந்த மாதிரி இருக்காதா. கெய்ட்லினுக்கு நான் கிடைத்ததில் ஒரே சந்தோஷம். இந்தியாக்காரி ஒருத்தியின் வேலையே இந்தியாவுக்குப் போய்விட்டது, யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாட்சி. "உங்க வேலைய எடுத்துக்கிட்டவளுக்கு நீங்களே சொல்லிக்குடுக்கும்படி ஆச்சுல்லா, அதச் சொல்லுங்க, அது போதும்," என்றாள். சொல்லலாம். உண்மைதானே. எடுத்துக்கிட்டவள். எடுத்துக்கிட்டவள் என்கிற இடத்தில் எனக்கு நாக்கு இடறுகிறது, காரில் வரும்போது நாலு தரம் சொல்லிப் பார்த்தேன், நாலு தரமும் அந்த இடத்தில் நின்றுவிட்டது, டேனியல், "விக்கலா? தண்ணி குடி," என்றார். பின்னால் யாரோ தோளைத் தட்டுகிறார்கள். ஆரஞ்சுத் தொப்பி, பெரிய தாடி, கை ரெண்டும் உலக்கை மாதிரி. "நீ கம்பெனி ஆளா?" என்கிறார். இதுதான், இதற்குத்தான் பயந்தேன், இந்த முகத்தையும் இந்த நிறத்தையும் வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்தில் நிற்கிறவள் யாராக இருக்க முடியும், வேலையை எடுக்க வந்தவளாகத்தான் இருக்க முடியும். "கம்பெனி ஆளாத்தான் இருந்தேன். போன மாசம் அனுப்பிட்டாவ," என்கிறேன். அவர் யோசிக்கிறார். தாடியைச் சொறிகிறார். "அப்ப உன் வேலை எங்க போச்சு?" "மதுரைக்கு." "அது எங்க இருக்கு?" "எங்க அம்மா வீட்டுல இருந்து பஸ்ஸுல மூணு மணி நேரம்." அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை போல, "என்னது போ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார். வரிசை ஒரு அடி நகர்கிறது. கேரி நகர்கிறார், நானும் நகர்கிறேன்.

எங்கள் கம்பெனி வீட்டுக்கும் காருக்கும் இன்சூரன்ஸ் போடுகிற கம்பெனி, ஆலங்கட்டி மழை பெய்து கூரை பொத்தலானால் ஜனங்கள் மனுப் போடுவார்கள், அந்த மனுக்களைப் பிரித்து, கணக்குப் போட்டு, சரியான ஆளுக்கு அனுப்புகிற மென்பொருளை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டோம். தை மாசம்போல ஒரு நாள் மேலதிகாரி வந்து, வசந்தகாலத்தில் ஆலங்கட்டி அதிகம், உங்களுக்கு உதவிக்கு மதுரையில் ஆள் எடுத்திருக்கிறோம், கே.டி. கொடுங்கள் என்றார். வேலையைச் சொல்லிக்கொடுப்பதற்கு எங்கள் தொழிலில் கே.டி. என்று பெயர், யார் வைத்தார்களோ, கேடி கொடுப்பவள் நான், கேடி வாங்குபவர்கள் அவர்கள், தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற இந்தச் சிரிப்பை இங்கே யாரிடம் பகிர்ந்துகொள்வது, டேனியலிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. முதல் நாள் வீடியோவில் என் படத்தை அணைத்து வைத்திருந்தேன், விடியுமுன்னே ஆபீஸுக்கு ஓடிவந்ததில் தலை வாரவில்லை. எஸ்தர் டேனியல் என்ற பெயர் மட்டும் திரையில். அந்தப் பக்கம் நாலைந்து பிள்ளைகள், நான் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு பையன், "எஸ்தர் டேனியலாம்லா. வெள்ளக்காரக் கிழவியாத்தான் இருக்கும். மெதுவாப் பேசச் சொல்லுங்க, எனக்கு ஒரு எழவும் வெளங்காது," என்கிறான். ஒரு பெண் குரல், "சும்மா கெடல, கேட்டுறப் போவுது," என்கிறது. என்னால் அடக்க முடியவில்லை. "கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்," என்றேன். அவ்வளவுதான், திரையில் இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக டப் டப்பென்று மறைந்துவிட்டன, ஓடிவிட்டார்கள், ஒரே ஒரு கட்டம் மட்டும் நின்றது. கண்ணாடி போட்ட, நெற்றியில் சின்னக் கீற்றாகத் திருநீறு வைத்த பிள்ளை. "மேடம்... நீங்க திருநவேலியா?" "பாளையங்கோட்டை. நீ?" "சங்கரன்கோவில், மேடம்." பேச்சியம்மாள். இருபத்துமூன்று வயசு. பேச்சி என்று கூப்பிடச் சொன்னாள். அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், கேரி அண்ணாச்சி எட்டிப் பார்த்து, அந்தப் பெயரைக் கேட்டு, பீச்சி, பீச்சி என்று ஒரேயடியாகச் சந்தோஷப்பட்டார், இங்கே பீச்சி என்றால் எல்லாம் சுகம் என்று அர்த்தம், இப்படி ஒரு நல்ல பெயரை எந்தத் தாய் வைத்தாள் என்றார். அவள் குலசாமி பெயர், கோபம் வந்தால் ஊரையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் சாமி என்று நான் சொல்லவில்லை. சுகமாகவே இருக்கட்டும்.

வரிசை நகர்கிறது. மைக்கில் ஒரு அம்மாள் அழுகிறாள், அவள் வேலை போலந்துக்குப் போயிருக்கிறது, எம்.பி. தலையை ஆட்டுகிறார், தும்முகிறார், தும்மினால் இங்கே சொல்கிற வழக்கப்படி ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்று மொத்த ஹாலும் சொல்கிறது, அழுத அம்மாளும் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, கேமரா இருக்கிறது. பேச்சிக்கு ஆலங்கட்டியை விளக்கப் பட்ட பாடு. வானத்தில் இருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் விழும், கார்க் கூரையெல்லாம் நெளியும் என்றேன். "மேடம், எங்க ஊருல மழையே கெடையாது, நீங்க என்னன்னா எலுமிச்சம்பழங்கிய," என்றாள். ஒரு நாள் இங்கே நிஜமாகவே பெய்தது, நான் மடிக்கணினியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டினேன், அந்தப் பக்கம் முதல் நாள் ஓடிப்போன பையன்கள் எல்லாம் ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறிப் பார்த்தார்கள், "அக்கா, இன்னொரு தரம் காட்டுங்க," என்று பேச்சி கத்தினாள். அக்கா. எனக்கு ஐம்பத்துநாலு, அத்தை என்று கூப்பிட வேண்டிய பிள்ளை அக்கா என்கிறாள், மறுப்பேனா. அதற்குப் பிறகு அவள் கெட்டிக்காரத்தனமாகப் பிடித்துக்கொண்டாள், ஒரே கூரைக்கு ரெண்டு மனு வந்தால் எதைத் தள்ளுவது என்று நாங்கள் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த தொல்லையை அவளும் நானுமாக உட்கார்ந்து ஒரு வாரத்தில் தீர்த்தோம், கேரி மதுரைக்கு டோனட் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சோதனைகளை ஓட்டிவிட்டுக் காத்திருந்தோம். அவள் சாதாரணமாக, சாப்பிட்டியளா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "அக்கா, ஜூன்ல இருந்து முழுசும் எங்க கைக்கு வந்துருமாம்லா. அதுக்கப்புறம் நீங்க எந்த புராஜெக்ட் போறிய?" கையில் இருந்த காபிக் கோப்பையின் சூடு மட்டும் தெரிந்தது. "யாரு சொன்னா?" என்றேன். திரையில் அவள் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்த்தேன், முதலில் சிரிப்பு போயிற்று, பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "உங்கள்ட்ட சொல்லலையாக்கா? உங்களுக்குத் தெரியும்னுதான எங்கள்ட்ட சொன்னாவ." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன், அவளைத் தேற்றுகிற வேலை வந்துவிட்டதால் எனக்கான வேலை தள்ளிப்போய்விட்டது போல. "அக்கா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதிய. இப்பத்தான் நிரந்தரம் ஆக்கிருக்காவ. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்." சொல்ல மாட்டேன் என்றேன். வேதத்தின் மேல் கை வைத்த மாதிரி சொன்னேன்.

ஆனால் கேரியிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி, அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், எதிர் மேசை மெலிசா வீடு வாங்க முன்பணம் கட்ட இருந்தாள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கம்பெனியா. பேச்சியின் பெயரை மட்டும் யாரிடமும் விடக் கூடாது என்று கேரியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினேன். செய்தி அன்றைக்கே மாடி முழுக்கப் பரவியது, மெலிசா வீடு வாங்குவதை நிறுத்தினாள், அந்த நன்றியில் எனக்கு இன்னும் வாரம் ஒரு கேக் வருகிறது, கம்பெனி மூன்று வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னபோது நாங்கள் எல்லாரும் தெரியாத மாதிரி நடித்தோம், நன்றாக நடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரே கேள்வி, வெளியே விட்டது யார், இங்கேயா, மதுரையிலா. விடைபெறும் நாளில்கூட ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். இதோ இன்றைக்கும் சுவரோரமாக ரெண்டு பேர், வெயிலுக்குப் பொருந்தாத கோட்டு, கையில் குறிப்பு எழுதும் பேனா, எனக்குத் தெரியும் அவர்களை, கம்பெனி ஆட்கள். கேரி பாதி திரும்பி, நல்லவேளை போலந்து அம்மாளுக்குக் கைதட்டுகிற சத்தத்தில், இப்போதுதான் சொல்கிறார், "கெய்ட்லின்கிட்ட பேசினேன் எஸ்தர். நமக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிட்டேன்." எனக்குத் தரை வழுக்குகிறது. "ஏன் சொன்னிய?" "அவ கேட்டா." கேட்டால் சொல்லிவிடுவார். அதுதான் கேரி. மீன் பிடிக்கப் போவதற்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் மறுபடி போன் செய்து, வயிறு கொஞ்சம் சரியில்லைதான், ஆனால் மீன் பிடிக்கவும் போகிறேன் என்று மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்ட மனுஷன். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த விருந்தை முந்தின நாளே எனக்குச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவர். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும், பார்த்திருக்கிறேன், சீட்டு விளையாடவே அவர் லாயக்கில்லை. கர்த்தாவே. அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். போகாதேயும் அண்ணாச்சி என்று சட்டையைப் பிடித்து இழுக்கலாமா, என் கை நீண்டு அந்தச் சலவைச் சீட்டைத்தான் பிய்க்கிறது, சீட்டு என் கையில், முதுகு மைக்கில்.

கேரி மைக்கைத் தேவைக்கு மேல் கிட்டே வைத்துக்கொண்டு, "வணக்கம்," என்கிறார், கூரை அதிர்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். பத்தொன்பது வருஷம், ஆலங்கட்டி, மகள் கல்யாணம், மதுரைப் பிள்ளைகள் ரொம்ப நல்ல பிள்ளைகள், எல்லாம் சொல்கிறார். சொல்லாதேயும், அந்தப் பக்கம் போகாதேயும். எம்.பி. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார்: "கேரி, கம்பெனி உங்களுக்கு எப்ப சொன்னாவ?" "கடைசி மாசம்." "ஆனா உங்களுக்கு அதுக்கு முன்னாலயே தெரியும்னு என் ஆள்கிட்ட சொல்லியிருக்கிய. அது எனக்கு முக்கியம். கம்பெனி மறைச்சிருக்குன்னு காட்டணும்லா. யாரு சொன்னா உங்களுக்கு?" கேரி பேசவில்லை. கேரி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பாப்கார்ன் பொரிகிற சத்தம் கேட்கிறது. சுவரோரம் ஒரு பேனா நிமிர்கிறது. எனக்கு முகம் தெரியவில்லை, முதுகும் காதும்தான் தெரிகிறது, காது ரெண்டும் ஓரத்தில் இருந்து சிவக்க ஆரம்பிக்கிறது, மடல் வரைக்கும் இறங்குகிறது, பின்கழுத்துக்கு வருகிறது, சங்கரன்கோவிலில் இந்நேரம் சாயங்காலம் ஆகியிருக்கும், சனிக்கிழமை, அவள் வீட்டுக்கு வந்திருப்பாள், கடைக்குப் போயிருப்பாள், பூ வாங்கியிருப்பாள், ஒன்றும் தெரியாது அவளுக்கு. "என் பல் டாக்டர்," என்கிறார் கேரி. எம்.பி. காதைச் சாய்க்கிறார். "யாரு?" "பல் டாக்டர்." "பல் டாக்டருக்கு எப்படி உங்க கம்பெனி விஷயம் தெரியும்?" "அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும்யா. வாயத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கெடக்கோம், எல்லாத்தயும் சொல்லுதாவ, நாமதான் திருப்பிப் பேச முடியாது." முதலில் யாரோ ஒருத்தர், பிறகு ஒரு வரிசை, பிறகு ஹால் முழுக்கச் சிரிக்கிறது, எம்.பி. சிரித்து இருமுகிறார். "டாக்டர் பேரு என்ன கேரி?" "சொல்ல மாட்டேன். நல்ல டாக்டர். எனக்கு இன்னும் ரெண்டு பல்லு பாக்கி இருக்கு." சுவரோரம் கோட்டுப் போட்டவர் எதையோ எழுதுகிறார், சத்தியமாக எழுதுகிறார், பல் டாக்டர் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு மட்டமான பொய்யை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தப் பிள்ளையை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. என் கண் நிறைந்துவிட்டது, இப்போதுதான், இத்தனை நாள் வராத தண்ணீர், இதற்கா வர வேண்டும். கேரி திரும்பி வருகிறார், மீசை எல்லாம் வேர்வை, பிறந்த பிள்ளை மாதிரி சிவந்திருக்கிறார், என்னைத் தாண்டும்போது மெதுவாக, முதல் முறையாக மெதுவாக, "எப்படி?" என்கிறார். "ரொம்ப மோசம்," என்கிறேன். "ஞாயித்துக்கிழம பிள்ளைகள் மூஞ்சில எப்படி முழிக்கப் போறேன்," என்றபடி போய் டேனியல் பக்கத்தில் தொப்பென்று உட்காருகிறார்.

என் பெயரைச் சொல்கிறார்கள். மைக் எனக்கு உயரம், கெய்ட்லின் ஓடிவந்து இறக்குகிறாள், இன்னும் இறக்குகிறாள். எம்.பி. கனிவாகச் சாய்கிறார். "எஸ்தர், உங்க கதை எனக்குத் தெரியும். உங்க வேலைய எடுத்துக்கிட்டவங்களுக்கே நீங்க சொல்லிக்குடுக்கும்படி..." "எடுக்கல, ஐயா," என்கிறேன். எனக்கே ஆச்சரியம், இங்கிலீஷ் தானாக வருகிறது, விக்கவில்லை. "யாரும் எடுக்கல. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு தெரியாம குடுத்தேன். வாங்குனவங்களும் தெரியாமத்தான் வாங்குனாவ. எனக்குத் தெரியும்னு அவங்கள்ட்ட சொல்லியிருக்காவ, எல்லாம் முடிஞ்சு பேசினப்பத்தான் அது வெளங்கிச்சு, உதவிக்கு ஆள்னு எங்கள்ட்ட சொல்லியிருக்காவ. அந்த பே..." வந்துவிட்டது, பே வந்துவிட்டது, உதட்டில் நிற்கிறது, சுவரோரப் பேனா நிற்கிறது, நாக்கைக் கடித்து இழுத்து, "பீப்பிள்," என்கிறேன், "அந்த பீப்பிள் நல்லவங்க." ஏழாவது வரிசையில் கேரி நெஞ்சில் கை வைப்பது தெரிகிறது. "நீங்க போடுற வரிய நல்லாப் போடுங்க, நான் ஓட்டுப் போடுதேன். ஆனா மசோதாவுல இன்னும் ஒரு வரி சேக்கணும்." வரியும் வரியும், இந்தச் சிலேடை இங்கிலீஷில் வராது, எனக்குள்ளேயே சிரித்துக்கொள்ள வேண்டியதுதான். "ஒருத்தர் வேலைய இன்னொருத்தருக்குச் சொல்லிக்குடுக்கச் சொன்னா, எதுக்காகன்னு முதல் நாளே எழுத்துல சொல்லணும். சொல்லிக்குடுக்கிறவங்களுக்கும் சொல்லணும், கத்துக்கிறவங்களுக்கும் சொல்லணும்." எம்.பி. புருவத்தைச் சுருக்குகிறார். "இங்க உள்ளவங்களுக்குச் சரி. அங்க உள்ளவங்களுக்கும் எதுக்கு எஸ்தர்? அவங்க என் தொகுதி இல்லையே." "அவங்க இல்ல ஐயா. கம்பெனி உங்க தொகுதிதான். இங்க வர்ற வழியில பெட்ரோல் பங்குக்கு எதிர்த்தாப்ல பெருசா போர்டு வெச்சிருக்கு. நாளைக்கு அந்த வேலைய மதுரையில இருந்து இன்னொரு ஊருக்குத் தூக்கத்தான் போறாவ. அப்ப அங்க ஒருத்தி உக்காந்து, உதவிக்கு ஆள் வந்துருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு, என்னய மாதிரியே விழுந்து விழுந்து சொல்லிக்குடுப்பா. மொதல்ல ஒருத்தர்ட்ட மறைக்கப் பழகிட்டா எல்லார்ட்டயும் மறைக்கத்தான் செய்வாவ. முன்னாலயே தெரிஞ்சதால எங்க ஆபீஸ்ல ஒரு பிள்ள கடன்ல விழாம தப்பிச்சா. தெரியாதவங்க விழுந்தாவ." ஊய் என்று பஸ்ஸர் அலறுகிறது, சிவப்பு விளக்கு, ரெண்டு நிமிஷம் முடிந்தது. அதற்குள்ளா. கைதட்டல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வருகிறது, பாதிப் பேருக்குப் புரியவில்லை, நான் வேகமாகப் பேசிவிட்டேன், பாளையங்கோட்டைக்காரிக்கு இங்கிலீஷும் வேகமாகத்தான் வரும். எம்.பி. கெய்ட்லினிடம் குனிந்து, "இதக் குறிச்சுக்கோ. மோசமில்ல. எழுத்துல, ரெண்டு பக்கமும்," என்கிறார், சேர்ப்பாரோ மாட்டாரோ, தேர்தல் முடிந்தால் எந்த ஊர் எம்.பி.யும் ஒரே மாதிரிதான், ஆனால் குறித்துக்கொண்டார், கெய்ட்லின் நிஜமாகவே எழுதுகிறாள், நான் எட்டிப் பார்த்தேன். நகரலாம் என்று காலை எடுக்கிறேன். பின்னால் இருந்து உலக்கைக் கை ஒன்று நீண்டு மைக் கம்பியைப் பிடிக்கிறது, ஆரஞ்சுத் தொப்பி. போச்சு, என்னமோ சொல்லப் போகிறார், என்னைப் பார்த்துத்தான் சொல்லப் போகிறார், டேனியல் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். தாடிக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எம்.பி.யைப் பார்த்து, "என் பேரு டுவைட். டயர் ஆலையில இருந்தேன். அது மெக்சிகோ போச்சு. போறதுக்கு முன்னாடி அங்க இருந்து ஆறு பேர கூட்டிட்டு வந்து மிஷினப் பழக்கச் சொன்னாவ, எதுக்குன்னு சொல்லல, நான் அவங்கள வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வெச்சேன்," என்கிறார். குரல் கரகரக்கிறது. "எனக்கும் ரெண்டு நிமிஷம் உண்டுல்லா? எனக்கு வேண்டாம். இந்த அம்மாவுக்குக் குடுக்கேன். இவ சொன்னது கடைசி வரிசைக்குக் கேக்கல. மறுபடி சொல்லட்டும். மெதுவாச் சொல்லட்டும்." சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிகிறது. அவர் ஒதுங்கி நின்று, கதவைத் திறந்துவிடுகிற மாதிரி கையை நீட்டி எனக்கு இடம் விடுகிறார். உள்ளங்கை காய்ந்திருக்கிறது, எப்போது காய்ந்ததோ. நான் மைக் கிட்டே போய், ஹாலின் கடைசியில் கதவோரம் நிற்கிறவர்களைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, முதலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.